ஒரு வாந்தியும் நம் கைதட்டலும்

செப்டம்பர் மாதம் வந்தால் நம்மூர் கிரிக்கெட் எழுத்தாளர்களுக்குத் திதி கொடுக்கிற மாதிரி ஒரு கடமை வந்துவிடும். 1986 செப்டம்பர் 18 முதல் 22 வரை சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்டைப் பற்றி யாராவது ஒருவர் எழுதியே தீருவார். வரிசைகூட மாறாது. முதலில் வெயில், அடுத்து பக்கிங்காம் கால்வாய் நாற்றம். அப்புறம் டீன் ஜோன்ஸின் வாந்தி, ஆலன் பார்டரின் நக்கல், 210 ரன், மருத்துவமனை, சலைன் பாட்டில். கடைசி நாளுக்கு வந்தால் கிரெக் மாத்யூஸின் ஸ்வெட்டர், ரவி சாஸ்திரியின் ஒற்றை ரன், மணிந்தர் சிங்கின் காலில் பட்ட பந்து, நடுவர் விக்ரம்ராஜுவின் விரல். முடிவில் ‘அதெல்லாம் ஒரு காலம்’ என்று ஒரு பெருமூச்சு.

எனக்கு அந்த மேட்ச் மேல் எந்தக் கோபமும் இல்லை. கோபம் இந்தக் கட்டுரைகள் மேல்தான். குறிப்பாக அந்த வாந்தியை இவர்கள் எழுதுகிற விதத்தின் மேல். நாற்பது வருடமாக ஒரு மனிதனின் உடல் செயலிழந்துகொண்டிருந்ததை வீரம் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நாமும் தலையாட்டியிருக்கிறோம். இது வெறும் விளையாட்டு ரசனை சார்ந்த விஷயம் இல்லை. சேப்பாக்கத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கிற கும்மிடிப்பூண்டியில் இதே பாடத்தை தினமும் மூன்று ஷிஃப்டாக நடத்துகிறார்கள்.

மேட்ச் தெரியாத தம்பி தங்கைகளுக்காகக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்திரேலியா முதல் இன்னிங்ஸில் 7 விக்கெட்டுக்கு 574 எடுத்து டிக்ளேர் செய்தது. டேவிட் பூன் 122, ஜோன்ஸ் 210, கேப்டன் பார்டர் 106. இந்தியா 397. கபில்தேவ் 119 அடித்திருக்காவிட்டால் ஃபாலோ-ஆன்தான். ஆஸ்திரேலியா இரண்டாவது இன்னிங்ஸில் 5 விக்கெட்டுக்கு 170. கடைசி நாள் காலையில், முந்தைய நாள் ஸ்கோரிலேயே டிக்ளேர் செய்தார் பார்டர். இந்தியா ஜெயிக்க 348 வேண்டும், கையில் ஒரே நாள். தொடர்ச்சியாகத் தன் நூறாவது டெஸ்டை ஆடிக்கொண்டிருந்த சுனில் கவாஸ்கர் 90 அடித்தார். மொகிந்தர் அமர்நாத் 51. தேநீர் இடைவேளையில் 2 விக்கெட்டுக்கு 190. அதன் பிறகு யாருக்கும் நிதானம் இல்லை. 253இல் கபில் அவுட்டானபோது ஐந்து விக்கெட் போயிருந்தது. 331 வரும்போது நான்கு விக்கெட் கையில், 17 ரன் பாக்கி. அங்கிருந்து சேதன் ஷர்மா, கிரண் மோரே, சிவ்லால் யாதவ் வரிசையாகப் போனார்கள். 344க்கு 9.

கடைசி ஓவர், மாத்யூஸ் வீசுகிறார். நான்கு ரன் வேண்டும், ஒரு விக்கெட்தான் இருக்கிறது. முதல் பந்தில் ரன் இல்லை. இரண்டாவது பந்தில் சாஸ்திரி இரண்டு ரன் எடுத்தார். மூன்றாவதில் ஒன்று. ஸ்கோர் சமம். நான்காவது பந்தை மணிந்தர் தடுத்துவிட்டார். ஐந்தாவது பந்து காலில் பட்டது, விரல் மேலே போனது. 347. டை. இதுவரை ஆடப்பட்ட 2,500க்கும் மேற்பட்ட டெஸ்ட்களில் டை ஆனவை இரண்டே இரண்டு. முதலாவது 1960 டிசம்பரில் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவுக்கும் வெஸ்ட் இண்டீஸுக்கும் நடந்தது. அதில் ஆட்டக்காரராக இருந்த பாப் சிம்ப்சன் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவின் பயிற்சியாளராக உட்கார்ந்திருந்தார்.

எழுத இவ்வளவு இருக்கிறது. தோற்கும் ஆபத்தை ஏற்றுக்கொண்டு டிக்ளேர் செய்த ஒரு கேப்டன், டிராவுக்கு ஆடாமல் 348ஐத் துரத்திய ஓர் அணி, 40 ஓவருக்கு ஒரு பந்து குறைவாக வீசி ஐந்து விக்கெட் எடுத்த ஓர் ஆஃப் ஸ்பின்னர், மறுமுனையில் இன்னொரு ஐந்து விக்கெட் எடுத்த ரே பிரைட். ஆனால் நம்மாட்கள் எதை மையத்தில் வைக்கிறார்கள்? வாந்தியைத்தான்.

அந்த வாந்தியை முதலில் ஒழுங்காகப் பார்ப்போம்.

ஜோன்ஸுக்கு அப்போது 25 வயது. அது அவருடைய மூன்றாவது டெஸ்ட். முதல் இரண்டு 1984இல் வெஸ்ட் இண்டீஸில் ஆடியவை. நடுவில் இரண்டு வருடத்துக்கு மேல் டெஸ்ட் அணியில் இடமில்லை. இங்கே மூன்றாம் இடத்தில் இறங்கி எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆடினார். ஆடுகளத்தின் ஓரத்தில் வாந்தி எடுத்தார். கை கால் இழுத்துக்கொண்டது. சிறுநீர் கட்டுப்படவில்லை. இன்னிங்ஸின் பிற்பகுதி தனக்குச் சரியாக நினைவில்லை என்று பின்னால் அவரே சொல்லியிருக்கிறார். 170ஐத் தாண்டிய கட்டத்தில், முடியவில்லை, வெளியே போகிறேன் என்று கேப்டனிடம் கேட்டார். தாக்குப்பிடிக்க முடியாவிட்டால் போ, உறுதியான ஒரு குயின்ஸ்லாந்துக்காரனை வரவழைத்துக்கொள்கிறேன் என்கிற பொருளில் பார்டர் பதில் சொன்னார் என்பது கதை. ஜோன்ஸ் விக்டோரியாக்காரர், அடுத்து இறங்கக் காத்திருந்த கிரெக் ரிச்சி குயின்ஸ்லாந்துக்காரர். ஜோன்ஸ் நின்றார், 210 வரை ஆடினார். அவுட்டான பிறகு மருத்துவமனையில் சலைன் ஏற்றினார்கள். இரண்டாவது இன்னிங்ஸில் திரும்பி வந்து 24 எடுத்தார்.

இதில் கிரிக்கெட்டை மட்டும் எடுத்துவிட்டு ஒரு மருத்துவரிடம் கொடுங்கள். வாந்தி, தசைப்பிடிப்பு, குழப்பம், நினைவு தப்புதல். வெப்பத்தில் வேலை செய்கிறவனிடம் இவற்றைப் பார்த்தால் உடனே நிறுத்து, நிழலுக்குக் கொண்டுபோ, உடம்பைக் குளிரவை என்று முதலுதவி வகுப்பின் முதல் நாளிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். மனித உடம்பு சூட்டை வெளியேற்றுகிற முக்கியமான வழி வியர்வை காய்வதுதான். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது வியர்வை வழியும், ஆனால் காயாது. உடம்பு தண்ணீரையும் உப்பையும் இழக்கும், சூட்டை இழக்காது. உள் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டினால் முதலில் மூளைதான் தடுமாறும். மனோதிடம் உள்ளவனுக்குத் தனி வியர்வைச் சுரப்பி கிடையாது.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் பாதுகாப்புப் பிரிவில் சில வருடம் வேலை பார்த்தவன். மில்லின் பெயர் வேண்டாம், அந்தக் கதை ஒரு மில்லோடு முடிவதில்லை. ஃபர்னஸிலிருந்து பில்லட் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூட்டோடு ஆரஞ்சு நிறத்தில் வெளியே வரும். ரோலருக்குள் போய், மெலிந்து நீண்டு, வீடு கட்டுகிற கம்பியாகிக் கூலிங் பெட்டில் விழும். அந்தப் பாதை நெடுக ஆள் நிற்பான். பெரும்பாலும் ஒடிசா, பீகார், ஜார்கண்ட் பையன்கள். ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்கள், கேட் பாஸ் ஒவ்வொரு மாதமும் புதுப்பிக்கப்படுகிறவர்கள். மேலே தகரக் கூரை. மே மாதம் பகல் ஷிஃப்டில் அந்த ஷெட்டுக்குள் போய் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள், சேப்பாக்கம் குளுகுளுவென்று தெரியும்.

அங்கே ஒருத்தன் தலை சுற்றுது என்று உட்கார்ந்தால் மேஸ்திரி என்ன சொல்வார் தெரியுமா? “முடியலன்னா சொல்லுடா, கேட்ல பத்து பேர் நிக்கிறான்.” அச்சு அசலாகப் பார்டரின் வசனம். குயின்ஸ்லாந்துக்குப் பதிலாக கேட், அவ்வளவுதான் வித்தியாசம். பையன் எழுந்து நிற்பான். நின்றவனைப் பற்றி டீக்கடையில், “கெட்டிக்காரன்பா, வாந்தி எடுத்துட்டு வந்து மறுபடி கொறடு பிடிச்சான்” என்று பாராட்டுவார்கள். எழுந்து நிற்காதவன் அடுத்த மாதம் இருக்க மாட்டான். பதிவேட்டில் என்ன எழுதுவோம்? ‘காலையில் சாப்பிடாமல் வந்ததால் மயக்கம்.’ அந்த வரியை நான் பலமுறை படித்திருக்கிறேன். வெயில், சூடு, ஃபர்னஸ் என்ற சொற்கள் அந்தப் பதிவேட்டில் வந்து நான் பார்த்ததில்லை. குறை எப்போதும் விழுந்தவனின் வயிற்றில்தான்.

இதை நண்பர்களிடம் சொன்னால் உடனே மூன்று பதில் வரும். மூன்றும் எனக்கு மனப்பாடம்.

ஒன்று: “விளையாட்டு வேற, வேலை வேற. ஜோன்ஸ் தானா விரும்பி ஆடினாரு.” விரும்பித்தானா? அவரே வெளியே போக அனுமதி கேட்டவர். மூன்றாவது டெஸ்ட், இரண்டு வருடம் வெளியே இருந்துவிட்டு இப்போதுதான் கிடைத்த இடம், பெவிலியனில் அடுத்த ஆள் தயார். அந்த நேரத்தில் ‘போ, வேறு ஆளை வரவழைத்துக்கொள்கிறேன்’ என்றால் அதன் பெயர் விருப்பமா, கெடுபிடியா? மாதாமாதம் கேட் பாஸ் புதுப்பிக்கிற பையனுக்கும் இதே ‘விருப்பம்’தான். 2023 ஏப்ரல் 21ஆம் தேதி 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கிற சட்டத் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியபோதும் தொழிலாளர் விரும்பினால் மட்டும் என்றுதான் சொன்னார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் நிறுத்திவைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தது. விருப்பம் என்ற சொல்லை முதலாளியும் ரசிகனும் ஒரே சுலபத்தோடு பயன்படுத்துகிறார்கள்.

இரண்டு: “அவர் நிக்கலன்னா 574 ஏது, டை ஏது?” சரி, இருக்கட்டும். முடிவு நன்றாக வந்தது என்பதால் வழி நன்றாகிவிடுமா? அதே 170இல் ஜோன்ஸ் சரிந்து எழாமல் போயிருந்தால், பார்டர் சொன்ன அதே வாக்கியம் விசாரணைக் கமிஷனில் சாட்சியாகியிருக்கும். வாக்கியம் மாறவில்லை, ஒரு சிறுநீரகமும் ஓர் இதயமும் தாக்குப்பிடித்தன, அவ்வளவுதான். பிழைத்தவர்களின் கதைகளை மட்டும் சேர்த்து வைத்துக்கொண்டு அதை வீர இலக்கியம் என்கிறோம். பிழைக்காதவன் கதை சொல்ல வருவதில்லை. பார்டர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, அந்தக் காலத்து அறிவு அவ்வளவுதான். ஆனால் 1986இன் அறியாமையை 2020களில் வரிக்கு வரி மெச்சுகிற நமக்கு அந்தச் சாக்கு கிடையாது.

மூன்று: “எல்லாத்தையும் அரசியலாக்காதீங்க.” இதுதான் எனக்குப் பிடித்த பதில். ஏனென்றால் வெயிலுக்கு ஏற்கனவே அரசியல் இருக்கிறது, சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஒரு டெஸ்டில் இரண்டு மணி நேரம் ஆடினால் இடைவேளை. நடுவில் தண்ணீர் வண்டி. உணவுக்கு நாற்பது நிமிடம், தேநீருக்கு இருபது நிமிடம். 1948இன் தொழிற்சாலைச் சட்டம் 55ஆம் பிரிவில் என்ன சொன்னது? தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, அதன் பிறகு குறைந்தது அரை மணி நேரம் ஓய்வு. அதே சட்டத்தின் 18ஆம் பிரிவு, வெயில் காலத்தில் குளிர்ந்த குடிநீர் கொடுப்பதைக் கட்டாயமாக்கியது எங்கே? 250 பேருக்கு மேல் வேலை செய்கிற ஆலையில். 240 பேர் இருக்கிற ஷெட்டில் தாகம் குறைவாக எடுக்கும் போல. வெள்ளை உடை போட்டு மட்டை பிடிப்பவனுக்கு இரண்டு மணி, ஃபர்னஸ் முன்னால் கொறடு பிடிப்பவனுக்கு ஐந்து மணி. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு அரசியல் பேசாதே என்றால் எப்படி?

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம். நல்ல விஷயம், தயக்கமில்லாமல் சொல்கிறேன். ஆனால் வெப்ப அலை என்பது வானிலைத் துறையின் கணக்கு. கடலோர ஊர்களில் 37 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட நாலரை டிகிரியாவது கூட இருக்க வேண்டும். அந்த வெப்பமானி ஆய்வகத்தில், நிழலில் இருக்கிறது. தகர ஷெட்டுக்குள் வானிலைத் துறை இல்லை. மார்கழியிலும் அங்கே ஃபர்னஸ் எரிகிறது. மேலும், செத்தால் 4 லட்சம், மயங்கினால் ‘காலையில் சாப்பிடவில்லை.’ இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய வெற்றிடம் இருக்கிறது. அந்த வெற்றிடத்தை நம் வீரக் கதைகள்தான் நிரப்பிக்கொண்டிருக்கின்றன.

அதே மாதம் 6ஆம் தேதி, சேப்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே மெரினாவில் விமானப் படை சாகசம் பார்க்கப் போன கூட்டத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். அவர்கள் எந்தச் சாதனையும் செய்யப் போகவில்லை, வெயிலில் நின்று வானத்தைப் பார்க்கப் போனவர்கள். ஜோன்ஸ் நின்ற 1986இன் வெயிலைக் காவியமாக எழுதுகிற எவரும் இந்த ஐந்து பேருக்கு இரண்டாவது பத்தி எழுதியதாக நான் பார்க்கவில்லை.

ஆஸ்திரேலியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜோன்ஸ் கதையை நம்மைவிட அதிகம் கொண்டாடுகிற ஊர். அங்கே ஆஸ்திரேலியன் ஓப்பன் டென்னிஸில் 2019 முதல் வெப்ப அழுத்த அளவுகோல் வந்துவிட்டது. வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயிலின் கடுமை எல்லாம் சேர்த்து ஒன்று முதல் ஐந்து வரை. ஐந்தைத் தொட்டால் ஆட்டம் நிற்கும். வீரர்களுக்கு மனோதிடம் குறைந்துபோனதால் வந்த விதி இல்லை. மனோதிடம் வெப்பமானியை இறக்காது என்று புரிந்ததால் வந்த விதி. கிரிக்கெட்டில் 2019இல் தலையில் அடிபட்டால் மாற்று ஆட்டக்காரர் வந்தார். தலை கொதித்தால் இன்னும் யாரும் வரவில்லை.

இனி, இந்தக் கட்டுரைகள் எல்லாம் கொஞ்சம் ஏளனமாகக் கடந்து போகிற ஒருவரிடம் வருவோம். ரவி சாஸ்திரி. மூன்றாவது பந்தில் ஒற்றை ரன் எடுத்துவிட்டு மணிந்தரிடம் ஸ்ட்ரைக்கைக் கொடுத்தாரே, தானே ஒரு சிக்ஸர் தூக்கியிருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். அந்த ஒரு ரன்னுக்கு முன் இந்தியா தோற்கலாம். அந்த ஒரு ரன்னுக்குப் பின் இந்தியா தோற்கவே முடியாது. ஒரு நாள் முழுவதும் நீண்ட பரபரப்பில், கூட்டம் தொண்டை கிழியக் கத்துகிற இடத்தில், ஒருவர் முதலில் ஆபத்தை அகற்றினார். பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்தவனாகச் சொல்கிறேன், எங்கள் தொழிலின் மொத்த சாரமும் அதுதான். முதலில் கெட்டது நடக்காமல் பார், பிறகு நல்லதற்கு முயற்சி செய். அதைச் செய்தவர் நமக்குக் கோழை. உடம்பு தீப்பிடித்து எரிய நின்றவர் நமக்கு வீரர். மில்லிலும் மெஷினை நிறுத்தியவனுக்கு மெமோ, நிறுத்தாமல் விரலை இழந்தவனுக்கு மாலை.

விக்ரம்ராஜுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிவி ரீப்ளே நடுவர் இல்லை, பந்தின் பாதையைக் காட்டுகிற கணினி இல்லை. கண்ணால் பார்த்ததை வைத்து, மொத்த மைதானமும் எதை விரும்பியதோ அதற்கு எதிராக விரலை உயர்த்தினார். பந்து மட்டையில் பட்டது என்று மணிந்தர் இன்றுவரை சொல்கிறார். பட்டதோ இல்லையோ, ஒரு பந்து மீதமிருக்கையில் உள்ளூர்க் கூட்டத்துக்கு எதிராக முடிவெடுக்க ஒரு துணிச்சல் வேண்டும். அதற்குப் பிறகு அவர் டெஸ்ட் நடுவராக நிற்கவே இல்லை. அந்தத் துணிச்சலைப் பற்றி வருடா வருடம் கட்டுரை வருகிறதா? வராது. அதில் வாந்தி இல்லை.

டீன் ஜோன்ஸ் 2020 செப்டம்பர் 24 அன்று மும்பையில் காலமானார். அஞ்சலிகள் எல்லாம் சேப்பாக்கத்தில்தான் தொடங்கின. அவர் அற்புதமான ஆட்டக்காரர். விக்கெட்டுக்கு நடுவில் ஓடுவதையும் ஒருநாள் ஆட்டத்தின் வேகத்தையும் மாற்றியவர். அவரை நினைக்க நமக்கு வாந்தி தேவையில்லை என்பதுதான் என் கட்சி. 330 பந்துகளில் 27 பவுண்டரி, 2 சிக்ஸர். சுழலுக்கு எதிராகக் காலை நகர்த்தி ஆடிய விதத்தை எழுதுங்கள். எப்படி ஆடினார் என்று எழுதத் தெரியாதவர்கள்தான் எவ்வளவு துன்பப்பட்டார் என்று எழுதுகிறார்கள்.

இலக்கியம் படிக்கிற உங்களிடம் இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. மேஸ்திரி சட்டம் படித்துவிட்டு அந்த வசனத்தைப் பேசவில்லை. கதைகளிலிருந்து எடுத்துப் பேசுகிறார். பசியோடு ஓடி ஜெயித்தவன், காய்ச்சலோடு வந்து வேலையை முடித்தவன், கட்டுப் போட்ட கையோடு பந்து வீசியவன், எல்லாம் நாம் எழுதி, பகிர்ந்து, கண் கலங்கிய கதைகள். அவை பேருந்தில், செல்ஃபோனில், டீக்கடைத் தொலைக்காட்சியில் பயணம் செய்து கும்மிடிப்பூண்டி ஷெட் வரைக்கும் போய்ச் சேருகின்றன. அங்கே அவை ஒரு பையனை எழுந்து நிற்க வைக்கின்றன.

அடுத்த செப்டம்பரில் நீங்கள் அந்த மேட்சைப் பற்றி எழுதினால் ஒரே ஒரு கேள்வியை மட்டும் உள்ளே வையுங்கள். ஜோன்ஸ் வெளியே போகிறேன் என்றபோது, சரி போ என்று சொல்லியிருந்தால் என்ன நஷ்டம்? 30 ரன் குறைந்திருக்கலாம். டை நடக்காமல் போயிருக்கலாம். உலகத்தில் இரண்டுக்குப் பதில் ஒரே ஒரு டை டெஸ்ட் இருந்திருக்கும். அது பெரிய இழப்புதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு 25 வயதுப் பையனின் மூளைக்கு எதிராக வைத்துப் பார்க்கிற அளவுக்குப் பெரிய இழப்பா? அதற்கு ‘இல்லை’ என்று சத்தமாகச் சொல்லப் பழகினால், கேட்டில் பத்து பேர் நிற்கிறான் என்று யாராவது சொல்லும்போதும் நமக்கு வாய் வரும்.